நத்தர் நகரில் ஒரு பகல்

மேற்கிந்தியத் தீவுகளில் உல்லாசக் கப்பலில் உலாவரும் மேல்நாட்டாரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். காலையில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும், பயணிகள் கரையிறங்குவர், ஸ்பானியர் கட்டிய பழங்கோட்டை ஒன்றையும், தேவாலயம் ஒன்றையும், கடைத்தெருவையும் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, மாலையில் சங்கு ஊதுமுன் கப்பலேறி விடுவர். அந்தக் கோட்டையை எவர் உழைப்பில் கட்டினார்கள், அந்தக் கரையில் எவரை விலைபேசி விற்றார்கள் என்றெல்லாம் கேட்டறிய அவர்களுக்கு நேரமிராது.

நம் குடும்பங்களுக்கும் அப்படியொரு துறைமுகம் உண்டு. அது கடற்கரையில் இல்லை; காவிரிக்கரையில் இருக்கிறது. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ‘ரஜூலா’ கப்பலில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் இறங்கிய நம் பாட்டனார்களில் பலர், திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் வண்டி மாறித்தான் தத்தம் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்று அதே சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருவோர் திருச்சி விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். அன்றும் இன்றும் ஒன்று மட்டும் மாறவில்லை. அடுத்த வண்டிக்கு இடையே ஒரு பகற்பொழுது கிடைத்தால், தர்காவில் ஒரு ஃபாத்திஹா, பெரிய கடைவீதியில் ஒரு சேலை, மலைக்கோட்டையை அண்ணாந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். சென்ற மாதம் நமக்கும் அத்தகைய ஒரு பகல் வாய்த்தது. அதனைச் சற்று நிதானமாகக் கழிப்பதென்று முடிவு செய்தோம்.

விடியற்காலையில் சந்திப்பில் இறங்கி நேரே ஹழ்ரத் தப்லே ஆலம் பாதுஷா நத்தர் வலி (ரஹ்) அவர்களின் தர்காவுக்குச் சென்றோம். அரசு துறந்து, நாடு கடந்து, தம் அடியார்களோடு இங்கு வந்து தங்கியவர் என்றும், ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயே மறைந்தார் என்றும் தர்கா மரபு கூறுகிறது. ஆந்திர நாட்டில் பெனுகொண்டாவில் அடங்கியிருக்கும் பாபா ஃபக்ருத்தீன் (ரஹ்) அவர்கள் இவருடைய சீடர் என்பதும் அம்மரபே. காலக் கணக்கில் எழுத்தாளர்கள் வேறுபடுவர். ஆயினும், இந்த வட்டாரத்தில் மிகத் தொன்மையான தர்காக்களுள் இது ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நவாபுகளின் காலத்தில் இந்நகரையே ‘நத்தர் நகர்’ என்றுதான் பாரசீக ஏடுகளில் எழுதினார்கள்.

அந்த ஏடுகளுள் தலையாயது, புர்ஹான் கான் என்பவர் எழுதிய ‘துஸுக்கே வாலாஜாஹி’. நவாப் முகமதலி வாலாஜாவின் புகழைப் பாடுவதற்கென்றே எழுந்த நூல். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1934லும் 1939லும் இரு பகுதிகளாக வெளிவரச் செய்தவர் டாக்டர் எஸ். முகமது உசைன் நயினார். அராபிய நிலநூலார் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவரும் அவரே. நம் வீடுகளில் அவர் பெயர் அறிந்தோர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

தர்காவுக்கு மானியம் அளித்தவர்கள் நவாபுகள் மட்டுமல்லர். மதுரை நாயக்க வம்சத்தின் இராணி மங்கம்மாள், தம் பேரன் விஜயரங்க சொக்கநாதன் சிறுவனாக இருந்தபோது ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த நாளில், 1701ஆம் ஆண்டில், இந்தத் தர்காவுக்கு ஊர்கள் மானியமாக வழங்கப்பட்டன. இதைச் செப்பேட்டுச் சான்று கூறுகிறது. அந்த வம்சத்திற்கு நம்மவர் ஒருவர் என்ன கைம்மாறு செய்தார் என்பதை இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் கடந்து போகவே மனம் விரும்புகிறது. ஆனால் அவருடைய கப்ரு இதே தர்காவின் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஜியாரத்துக்குச் செல்வோர் அதைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

அவர் சந்தா சாகிப். ஆற்காட்டு நவாபின் மருமகன். விஜயரங்க சொக்கநாதன் பிள்ளையின்றி இறந்தபின், அவருடைய மனைவி மீனாட்சி அரியணை ஏறினார். தாயாதிகள் உரிமை கோரிக் கிளம்பினர். அந்தப் பூசலில் புகுந்த சந்தா சாகிப், இராணிக்குத் துணையாக இருப்பதாக வாக்களித்தார். வெறும் வாக்கன்று, திருக்குர்ஆனின் மீது ஆணை. 1736இல் கோட்டை அவர் கைக்கு வந்தது; இராணி சிறைப்பட்டார்; நஞ்சுண்டு மாண்டார். நாயக்கராட்சி அத்துடன் முடிந்தது.

அன்று அவர் ஆணையிட்டது குர்ஆனின் மீதன்று, பட்டுத்துணி சுற்றிய செங்கல்லின் மீதுதான் என்றொரு கதை வழங்குகிறது. சிறுவயதில் இக்கதையை நமக்குச் சொன்ன பெரியவர் ஒருவர், “அப்போ குர்ஆன்மேல சத்தியம் பண்ணலைதானே!” என்று ஆறுதல் அடைந்தது நினைவிருக்கிறது. அந்த ஆறுதலை நம்மால் ஏற்க முடியவில்லை. செங்கல்லாயின் வஞ்சகம் இரட்டிப்பாகிறதே தவிரக் குறையவில்லை. அந்த அம்மையார் நம்பியது துணியின் உள்ளே இருந்த பொருளையன்று. ஒரு முஸ்லிம் தன் வேதத்தின்மேல் சொன்ன சொல்லைத்தான் அவர் நம்பினார்.

சந்தா சாகிபுக்கு அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1741 மார்ச்சில் இரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை கோட்டையைப் பிடித்து அவரைச் சதாராவுக்குக் கொண்டு சென்றது. 1743இல் நிஜாமுல் முல்க் படையெடுத்து வந்து மராட்டியரை வெளியேற்றினார். அன்வருத்தீன் கான் ஆற்காட்டுப் பதவிக்கு வந்தார். சிறை மீண்ட சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரரின் துணையுடன் 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் போரிட்டார். அன்வருத்தீன் களத்தில் வீழ்ந்தார். அவருடைய மகன் முகமதலி ஓடிவந்து புகுந்த இடம் இந்தத் திருச்சிக் கோட்டை.

அதன்பின் நடந்ததைப் பாடநூல்கள் ‘கர்நாடகப் போர்’ என்று குறிக்கும். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. யார் யாருக்குத் துணையாக இருந்தார் என்பது போகப் போகத்தான் விளங்கிற்று! முற்றுகையைத் தளர்த்துவதற்காகவே கிளைவ் 1751இல் ஆற்காட்டைப் பிடித்தார். மறு ஆண்டு அவரும் லாரன்ஸும் இங்கு வந்து, பிரெஞ்சுப் படையையும் சந்தா சாகிபையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவுக்குள் அடைத்தனர். திருவரங்கம் கோயிலும் திருவானைக்கா கோயிலும் அந்நாளில் படைவீடுகள் ஆயின. தப்ப வழியின்றிப் போன சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்தார். பத்திரமாக அனுப்பிவைப்பதாக மானோஜி தம் வாளின்மேல் ஆணையிட்டிருந்தாராம். 1752 ஜூனில் சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. இராணி மீனாட்சிக்கு அவர் ஆணையிட்ட அதே தளவாய் மண்டபத்தில்தான் அவர் கொல்லப்பட்டார் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கின்றனர். அறுத்த தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி நகர மதிலைச் சுற்றிக் கொண்டு வந்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தது.

பார்த்தவர்களுள் வென்றவரும் ஒருவர். அந்த முகமதலி வாலாஜா 1795 அக்டோபரில் சென்னையில் காலமானார். சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி வாழ்ந்தவர் அவர். எனினும் அவரது உடல் அடங்கியிருப்பது இங்கே, நத்தர் வலியின் திருச்சமூகத்தில். தர்காவில் எந்நேரமும் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இரு கப்ருகளையும் நமக்குக் காட்டினார். “உசுரோட இருந்தப்ப ஒரு ஊருக்குள்ள ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்னாங்க. இப்ப பாருங்க வாப்பா, ஒரே வாசல்ல கிடக்குறாங்க” என்றார். நாம் இருவருக்கும் ஃபாத்திஹா ஓதினோம். துஆவுக்குக் கை ஏந்துகையில், அந்த இராணியின் நினைவும் வந்தது, மறைக்கவில்லை.

‘நவாபு காலம்’ என்று பெருமூச்சு விடுவோர் நம்மில் இன்னும் இருக்கின்றனர். அக்காலத்தில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் ஆலிம்களும் புலவர்களும் ஆதரிக்கப்பட்டது மெய். வாலாஜா கோயில்களுக்கும் உதவியவர் என்பதும் மெய். ஆனால் அவர் செய்த போர்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனியாரிடமும், கம்பெனியின் உத்தியோகஸ்தர்களிடம் தனித்தனியாகவும் வட்டிக்கு வாங்கினார். ஈடாகச் சீமைகளின் வரிவசூலை எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவன் ஆள் நிலத்திலிறங்கி உழவனிடம் தண்டினான். ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785இல் எட்மண்ட் பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை பெயர்பெற்றது. நம் உழவர்பட்ட பாட்டை அங்கே எடுத்துச் சொல்ல அயர்லாந்தில் பிறந்த ஒருவர் வேண்டியிருந்தது. 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மதிலைச் சுற்றி வந்த அந்த ஒட்டகத்துக்குப் பின்னால் நடந்து வந்தது யார் என்பதை வாலாஜா அன்று அறியவில்லை.

இன்னொன்றும் உண்டு. முற்றுகையின்போது மைசூர்ப் படையை உதவிக்கு அழைத்த வாலாஜா, கைம்மாறாகத் திருச்சியையே தருவதாக நஞ்சராஜனுக்கு வாக்களித்திருந்தார். வென்றபின் கொடுக்கவில்லை. ஏமாந்து திரும்பிய அந்தப் படையில், அந்நாளில் பெரிதும் பெயர் பெற்றிராத வீரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹைதர் அலி. ஒரே கோட்டையைச் சுற்றி எத்தனை ஆணைகள் முறிந்தன என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே தர்காவை விட்டு வெளியே வந்தோம்.

கோட்டை ரயில் நிலையத்தின் அருகே கல்லால் ஆன சிறு பள்ளிவாசல் ஒன்று உண்டு. அப்துல்லாஹ் இப்னு முகமது அன்வர் என்பவர் ஹிஜ்ரி 116இல், அதாவது கி.பி. 734இல் கட்டியதாகக் கூறும் அரபுக் கல்வெட்டு அதிலே உள்ளது என்று நம் ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றனர். அக்கணக்கின்படி, நவாபுகள் இங்கு வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் பாங்கொலி கேட்டிருக்கிறது. வாளோடும் ஒட்டகத்தோடும் வந்தவர்களை மட்டுமே நம் முன்னோராகக் கொள்வோர், இந்தச் சிறு பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் போகலாம். ஒரு பத்துப் பேர் நின்றாலே நிறைந்துவிடும் போன்ற தோற்றம். அழகுக்கென்று செய்த வேலைப்பாடு எதுவும் இல்லை. நமக்கு அந்நாளில் அதிகம் பிடித்துப்போன இடம் அதுதான்.

மலைக்கோட்டையைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை, பலரும் எழுதியாயிற்று. பல்லவ மகேந்திரவர்மன் குடைந்த குகை, தாயுமானவர் சந்நிதி, உச்சியில் பிள்ளையார். படிகள் நானூறுக்கு மேல். முழங்கால் உள்ளவர்கள் ஏறலாம். நாயக்கரும் பின்னர் நவாபுகளும் கொலு வீற்றிருந்த அரண்மனையின் தர்பார் மண்டபம் இப்போது அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய நகர மதில், மெயின் கார்டு கேட் நீங்கலாக, வெள்ளையர் காலத்திலேயே இடிபட்டுவிட்டது. அகழியைத் தூர்த்துச் சாலையாக்கி அதற்கு ஆங்கிலத்தில் ‘பூல்வார்டு’ என்று பெயரிட்டார்கள். திருச்சி மக்கள் அதை மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என்று ஆக்கிவிட்டார்கள். புலியும் வாராத, வார்டும் இல்லாத அந்தச் சாலையில்தான் சந்தா சாகிபின் தலையைச் சுற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

நண்பகல் உணவுக்குப்பின் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றோம். (வாசகர்களுள் சிலர் இதனைத் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணத்தோடு குழப்பிக் கொள்கிறார்கள். அதுவும் காவிரித் தீவுதான். அங்கும் அரங்கநாதர் கோயில் உண்டு. ஆனால் அது கன்னட நாட்டில் இருக்கிறது.) ஏழு சுற்று மதில்கள், 156 ஏக்கர் பரப்பு, வெளிச்சுற்றுகளில் வீடும் கடையுமாகத் தெருக்கள். தென்வாயிலில் நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம், 1987இல் 236 அடி உயர இராஜகோபுரமாக எழுந்து நிறைவு பெற்றது. வைணவ நண்பர் ஒருவர் நம்மை எதிர்கொண்டு அழைத்துச் சென்றார்.

இங்கும் பேசத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. 1311இல் மாலிக் காபூரின் படையும், 1323இல் உலூக்கானின் படையும் இக்கோயிலைச் சூறையாடின. உற்சவமூர்த்தியைக் காப்பாற்ற வைணவப் பெரியார் பிள்ளை லோகாசாரியார் தம் முதிர்ந்த வயதில் அதனைச் சுமந்து தெற்கே போய், வழியிலேயே மாண்டார். பன்னீராயிரம் பேர் தலை இழந்த கலகம் என்று கோயில் ஒழுகு என்னும் ஏடு கூறுகிறது. எண்ணிக்கையை வரலாற்றாசிரியர் அப்படியே கொள்வதில்லை; ஆனால் ஓர் ஊர் தன் துயரத்தை அளந்த அளவு அது. மூர்த்தி பல இடங்களில் அலைந்து, விஜயநகரத்துக் கோபண்ணரால் 1371இல்தான் திரும்பி வந்தது. கல்வெட்டு இருக்கிறது.

அக்காலத்து மதுரை சுல்தான்களைப் பற்றி நமக்குச் சான்று சொல்பவர் நம்மவர்தாம்: இப்னு பதூதா. சுல்தான் கியாசுத்தீன் தாமகானிக்கு அவர் சகலர், அவருடைய விருந்தாளி. ஆயினும் கைதிகளையும் பெண்டு பிள்ளைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையைக் கண்ணால் கண்டபடி எழுதி, அதனை வெறுத்தும் எழுதியிருக்கிறார். உறவும் உப்பும் அவர் எழுதுகோலைத் தடுக்கவில்லை. திருவரங்கத்துக்கு வடக்கே கண்ணனூரில் ஹொய்சள மன்னர் வல்லாளர் முற்றுகையிட்டுத் தோற்று, 1342ஐ ஒட்டி உயிரிழந்த செய்தியும் அவர் பயண நூலால்தான் விளக்கமாகத் தெரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு, அந்தக் கோயிலின் உட்சுற்றில் ஒரு முஸ்லிம் பெண் இருக்கிறாள்!

துலுக்க நாச்சியார் என்பது அவள் பெயர். தில்லிக்குக் கொண்டுபோன மூர்த்தியின்மேல் சுல்தானின் மகள் அன்பு கொண்டாள். அது திரும்பியபோது பிரிவாற்றாமல் பின்தொடர்ந்து வந்து இங்கே உயிர் நீத்தாள் என்பது கோயில் ஒழுகு சொல்லும் கதை. அவளுக்குச் சிலை இல்லை; சுவரில் தீட்டிய ஓவியம்தான் உண்டு. நம் சமயத்தில் உருவச்சிலை ஆகாது என்பதை மதித்து அவ்வாறு செய்தார்கள் என நண்பர் விளக்கினார். அவள் பொருட்டுக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். அரங்கனுக்குக் கைலி உடுத்துகிறார்கள். திருவரங்கத்து அரங்கன் நம் பாட்டனாரைப் போலக் கைலி கட்டுகிறார் என்பதைக் கேட்டு உடன் வந்த நம் பேரப்பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நண்பரும் சேர்ந்து சிரித்தார்.

இக்கதை வரலாறாக நிற்காது. தில்லி ஏடுகளில் இப்படியொரு இளவரசியைக் காணோம். தவ்ஹீதைக் கொண்ட நமக்கு, கதையின் பொருளை ஏற்பதற்கும் இடமில்லை. ஆனால் கதையைக் கட்டியவர்கள் யார்? சூறையாடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் கட்டிய கதையில் சுல்தானின் மகளுக்கு வசவு கொடுத்திருக்கலாம், இடம் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு எது உணவு, அவள் வீட்டார் எதை உடுப்பார்கள் என்று விசாரித்து அறிந்து, நூற்றாண்டுகளாக மறக்காமல் செய்து வருகிறார்கள். ரொட்டியையும் கைலியையும் அவர்கள் தில்லியில் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் நம்மிடம் பார்த்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அந்த ஓவியத்தை நாம் காணவில்லை. இந்து அல்லாதார் ஓர் எல்லைக்கு அப்பால் செல்லலாகாது என்பது கோயிலின் விதி. அந்த வாயிலில் பலகை இருக்கிறது. நண்பர் சங்கடப்பட்டார். “சங்கடம் வேண்டாம், எங்கள் பெண்ணை நீங்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள்” என்றோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த 1701ஆம் வருஷத்துச் செப்பேடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்” என்று கேட்டார். வாயிலுக்கு இப்புறத்து மண்டபத்தில் உட்கார்ந்து நெடுநேரம் சொல்லிக் கொண்டிருந்தோம்.

அஸருக்கு நகருக்குத் திரும்பினோம். ஜமால் முகமது கல்லூரிப் பக்கமும் ஒரு நடை போய் வந்தோம். ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய கல்லூரி அது, 1951இல் தொடங்கியது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென முதல் மாநாடு 1973இல் கூடியது இந்தத் திருச்சியில்தான். அதைத் தொடர்ந்துதான் காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் பிற ஊர்களிலும் கூடினார்கள். முற்றுகைக்கு வந்தவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் இந்தப் பெயர்களையும் சொல்லி வைத்தோம். மனத்தில் நின்றதா என்பது தெரியாது. அவர்கள் கவனம் பெரிய கடைவீதியில் வாங்கவேண்டிய பொருள்களில் இருந்தது.

இரவு வண்டி நாகப்பட்டினம் செல்வது. சந்திப்பை விட்டுப் புறப்பட்டதும் மலைக்கோட்டை உச்சியின் விளக்கு தெரிந்தது. அடுத்த நிலையம் பொன்மலை. 1753 ஜூனில் லாரன்ஸ் பிரெஞ்சுப் படையை முறியடித்த குன்று அங்கே இருக்கிறது. 1928இலிருந்து அதனடியில் இரயில்வே பணிமனை இயங்குகிறது. பேரன் சாளரத்தோடு ஒட்டிக்கொண்டு, “பாட்டா, அந்த ராணிக்குக் கபுரு எங்கே இருக்கு?” என்று கேட்டான். அவர்களுக்குக் கப்ரு வைக்கும் வழக்கமில்லை என்று சொன்னோம். “அப்போ எங்கே போய் அவங்களுக்கு ஃபாத்திஹா ஓதுறது?” என்றான். வண்டி பொன்மலையில் நின்று, மறுபடி புறப்பட்டது.